ஒரு வாய்க்கு ஒரு பொய்

நெடுவாறு என்று ஓர் ஆறு. காவிரியில் பிரிந்து, பிரிந்ததில் பிரிந்து, வழியில் கண்ட ஊருக்கெல்லாம் தண்ணீரைத் தானம் செய்துவிட்டு, வெறுங்கையோடு கடலுக்குப் போகிற போக்கில் நாணல்துறை என்கிற கடைமடை ஊரைத் தொட்டுக்கொண்டு போகும். அணையில் பூத்தூவித் தண்ணீர் திறந்தால் நாணல்துறைக்கு முதலில் செய்தி வரும், அப்புறம் போட்டோ வரும், தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அப்பேர்ப்பட்ட ஆற்றில், நட்ட குறுவை நட்டபடியே வெளுத்துக்கொண்டிருந்த ஆனி மாதத்துக் காலை ஒன்றில், டீக்கடை உப்பிலி படித்துறையில் உட்கார்ந்து ஒரு பொய் சொன்னார், தண்ணீர் வந்தது.

உப்பிலி அன்றைக்கு வைக்கோல் வாங்க வந்த வெளியூர் வியாபாரியை நிறுத்தி வைத்து ஓடக்கார சன்னாசியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சன்னாசி யார் என்று நாணல்துறையில் பிறந்த எவரும் கேட்க மாட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் நாட்டை ஆண்ட காலத்தில், இந்தப் பக்கம் ரயில் வராத காலத்தில், ஜனங்களின் வயிற்றிலடித்துப் பிடுங்கிய வரி நெல்லைப் படகு படகாக ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிய காலத்தில், அந்தப் படகுகளை இருட்டில் மடக்கிக் கொள்ளையடித்து, ஏழை வீட்டு வாசல்களில் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போன மகராசன் அவர். ஏழடி உயரம், தண்ணீருக்கடியில் ஒரு ராத்திரி முழுக்க மூச்சடக்கிக் கிடப்பார், முதலைகூட அவரைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கும். இது போதாதென்று உப்பிலி சொந்தச் சரக்கும் சேர்த்தார். ஒரு தடவை சிப்பாய்கள் கரையோடு துரத்தி வந்தபோது சன்னாசி இந்த ஆற்றையே பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்றும், சிப்பாய்கள் வெறும் மணலில் நின்று முழித்தார்கள் என்றும், பிறகு அவர் சாவகாசமாக வந்து ஆற்றை உதறி விரித்து அதிலேயே கால் கழுவினார் என்றும் சொல்லி வாயை மூடவில்லை, கடைசிப் படிக்குக் கீழே மணல் கசிந்து, கசிந்தது ஊறி, ஊறியது கணுக்கால் அளவுக்கு நின்று, மெதுவாகக் கிழக்கே நகர ஆரம்பித்தது. வியாபாரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்படிக்கு ஏறினார். உப்பிலி நகரவில்லை. தன் பொய்க்கு வாழ்நாளில் முதல்தடவையாகக் கிடைத்த மரியாதையை உட்கார்ந்தபடியே ஏற்றுக்கொண்டார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. பயிர் காயும்போது ஆச்சரியப்பட யாருக்கு நேரம்? தண்ணீர் ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, இன்னும் எவ்வளவு வரும் என்றுதான் கேட்டார்கள். வாரம் திரும்புவதற்குள் ஆற்றின் சுபாவம் முழுக்க அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. பொய் சன்னாசியைப் பற்றியதாக இருக்க வேண்டும். படித்துறையில்தான் சொல்ல வேண்டும். பெரிய பொய்க்குப் பெரிய ஏற்றம், சில்லறைப் பொய்க்கு விரற்கடை. ஒருவர் சொன்ன பொய்யை அடுத்தவர் சொன்னாலும் பலிக்கும், ஆனால் சொன்ன வாயே திரும்பச் சொன்னால் தண்ணீர் அசையாது. ஒரு வாய்க்கு ஒரு பொய் ஒரு தடவைதான். வாய்தவறி யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் ஏறிய தண்ணீர் இறங்கும். சன்னாசியின் பூர்வீகம் நம்மூர் இல்லை, அக்கரை என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைத்த ஒரு சம்சாரியால் மேலத்தெரு நடவு ஒருநாள் முழுக்கக் காய்ந்தது. அந்த மனுஷன் படித்துறைப் பக்கம் வரக்கூடாதென்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி விவரமான ஆள். கடைமடைக்காரர்களுக்கு முறைப்பாசனம் பிறவியிலேயே தெரியும், இந்த வாய்க்காலுக்கு இன்றைக்கு, அந்த வாய்க்காலுக்கு நாளைக்கு என்று. அதே முறையை அவர் பொய்க்கும் வைத்தார். ஒருநாள் மேலத்தெரு, ஒருநாள் கீழத்தெரு; தெருவில் யாராவது ஒருவர் புதிதாக ஒன்றைக் கட்டுவார், மற்றவர்கள் வரிசையில் நின்று அதையே ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். பொய் என்ற சொல்லை மட்டும் யாரும் வாயிலெடுப்பதில்லை, கதை என்பார்கள். "எங்க வீட்டுல கதை சொல்லியாச்சு, நீங்க போங்க" என்று பெண்கள் குடத்தோடு பேசிக்கொள்வார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைத் தலைவர் ஆள்விட்டு வெள்ளையடித்தார். பொதுப்பணித்துறையிலிருந்து வந்த அதிகாரி குச்சி நட்டு அளந்து, தலையைச் சொறிந்து, ஊற்று என்று எழுதிக்கொண்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். தேர்தலுக்கு நிற்கப்போகிற ஒருவர் கேள்விப்பட்டு வந்து படித்துறையில் மைக் வைத்துத் தன் சாதனைகளை வெகுநேரம் பேசினார். தண்ணீர் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. உப்பிலி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இது சன்னாசி சமாச்சாரத்துக்கு மட்டுந்தாங்க, மத்தபடி உங்க பேச்சுல ஒரு குறையுமில்லை என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

இந்த வரிசையில் நிற்காத வீடு ஊரில் ஒன்றே ஒன்று. அதில் தையல்நாயகி டீச்சரும் அவள் அப்பா பக்கிரிசாமியும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு மாடிவீடு என்று பேர், எதிர்வீட்டுக்குப் பம்புசெட்டு வீடு என்று பேர், இந்த வீட்டுக்குக் காட்டிக்கொடுத்தான் வீடு என்று பேர். அதில் கோபமோ கேலியோ கிடையாது. தபால்காரர் அப்படித்தான் விசாரிப்பார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அப்படித்தான் சத்தம் கொடுப்பார், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூடக் காட்டிக்கொடுத்தான் வீட்டுக்குக் கொடுத்தாச்சா என்று வாசலில் நின்றே பேசிக்கொள்வார்கள். சன்னாசியின் கூட்டாளி நல்லான் என்பவன், கரையில் விளக்கு தெரிந்தால் ஆபத்தில்லை, இறங்கலாம் என்று இருவருக்குள்ளும் இருந்த அடையாளத்தை வைத்தே, சிப்பாய்களைப் புதரில் பதுக்கிவிட்டு விளக்கை ஏற்றிக் காட்டினான் என்றும், நம்பி இறங்கிய சன்னாசியைப் பிடித்துக் கரையிலிருந்த இலுப்பை மரத்திலேயே தூக்கில் போட்டார்கள் என்றும் கதை. அந்த நல்லானின் வம்சத்தில் மிச்சமிருந்தது இந்த அப்பாவும் மகளுந்தான்.

அதனால் ஆடிப் பதினெட்டு அன்று இந்த வீட்டுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டுக்கு மூத்தவர் ஓர் அகலை ஏற்றிக் கையிலேந்திக்கொண்டு படித்துறையின் கடைசிப் படியில் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஊரார் ஆளாளுக்குக் கைநிறையத் தண்ணீர் அள்ளி, "காட்டாதே, காட்டாதே" என்று சொல்லிக்கொண்டே வீசி விளக்கை அணைப்பார்கள். அணைந்த பிறகுதான் காதோலை, கருகமணி, சித்ரான்னம், கும்மி, எல்லாம். விளக்குக்கு ஒரு கை தண்ணீர் போதும், ஆனால் எல்லோருக்கும் வேண்டுதல் இருக்கிறதே. பக்கிரிசாமி தொப்பலாக நனைந்துதான் வீடு திரும்புவார். ஆற்றில் தண்ணீரில்லாத வருஷங்களில் காவேரித்தாய்க்குக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கிரிசாமிக்கு மட்டும் போர் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் மறக்காமல் கொண்டுவருவார்கள். நல்லான் என்ற பேரை அந்த ஒருநாள் தவிர மற்ற நாளில் ஆற்றங்கரையில் எடுக்கக்கூடாதென்பதும் பழக்கம். பேரை எடுப்பதே தீட்டு.

தையல்நாயகி பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுப்பவள். அவளைப் பெண் பார்த்துத் தட்டு மாற்றுகிற வரைக்கும் வந்த மரகதம் என்கிற மேலத்தெரு அம்மாள், பேரன் பேத்திக்கும் இந்தப் பேர் ஒட்டுமே என்று கடைசியில் பின்வாங்கியதிலிருந்து தையல்நாயகி தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. அப்பாவுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. படியில் நிற்க முடியாது, இந்த வருஷம் நீதான் ஆயி வெளக்கு எடுக்கணும் என்று அவர் சொன்னபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் கரும்பலகையில் எழுதுகிற கையில் அகலை ஏந்தி நனைவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. விளக்கை எடுக்கக் கூடாது, எடுக்க வேண்டியதில்லை என்று ஊர்வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வீரன் செத்தால் ஊர் தாங்காது, தோற்றுச் செத்தான் என்று ஒப்புக்கொள்ளாது, உடனே ஒரு துரோகியைத் தேடும், கிடைத்த வீடுகளில் இளைத்த வீட்டின் தலையில் கட்டிவிடும், எல்லாச் சரித்திரத்திலும் இதுதானே என்று அவள் அடித்துச் சொல்வாள். சொல்லிச் சொல்லி அலுத்ததுதான் மிச்சம்.

ஊரே அந்த ஆற்றை ஒரு பம்புசெட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது தையல்நாயகிக்கு மட்டும் அது வேறாகத் தெரிந்தது. பொய்க்கு ஏறுகிறது, மெய்க்கு இறங்குகிறது என்றால் அதற்கு நடந்ததெல்லாம் தெரியும் என்றுதானே அர்த்தம்? அன்றைக்குக் கரையில் நின்று பார்த்த மனுஷர் ஒருவரும் இல்லை, பார்த்த ஆறு இருக்கிறது, கேட்டால் சொல்கிறது. இத்தனை நாளாக அதனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்குப் பொய் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற மத்தியான வேளையில் அவள் தனியாகப் படித்துறைக்குப் போனாள். சன்னாசி ஏழடி உயரம் இல்லை, குள்ளம் என்றாள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. அவருக்கு நீச்சல் தெரியாது என்றாள், சும்மா சொல்லிப் பார்த்தாள், அதுவும் இறங்கியது. மறுநாள் போய், அவர் கொள்ளையடித்தது நெல்படகு இல்லை, கருவாட்டுப் படகு என்றாள். எங்கிருந்தோ அந்தச் சொல் நாக்கில் வந்தது, ஆறு அதையும் ஆமாம் என்றது. ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றபோது மட்டும் தண்ணீர் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, என்ன சொல்வதென்று தெரியாமல் அங்கேயே சுழன்றது. தான் தின்றது போக மிச்சத்தைக் கொடுத்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தூக்கில் போட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ஏறட்டும், ஏறட்டும் என்று மனசுக்குள் வேண்டினாள். அது இறங்கியது. நீச்சல் தெரியாத, கருவாடு திருடிய, குள்ளமான ஒரு மனுஷனை இலுப்பை மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை வருஷம் வெறுத்த பேருக்காகத் தான் அழுவது அவளுக்கே பிடிக்கவில்லை.

நல்லான் பேரை மட்டும் அவள் எடுக்கவில்லை. ஒரு வாய்க்கு ஒரு தடவைதான். தனியாகச் சொல்லிச் செலவழித்துவிட்டால் யார் பார்த்தது? ஆடிப் பதினெட்டு அன்று, ஊரே கூடி நிற்கையில், கைகளில் தண்ணீர் அள்ளி வைத்திருக்கையில் சொல்ல வேண்டும். அத்தனை பேர் கண்ணெதிரே தண்ணீர் இறங்க வேண்டும். இதை அவள் அப்பாவிடம் சொன்ன அன்று பக்கிரிசாமி இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கதை முழுக்கப் பொய் என்றால் அதில் நம்ம சேதி மட்டும் எப்படி நிஜமாகும், நீ சொல்றது நியாயந்தான் ஆயி, என் காலத்துலேயே பாத்துட்டேன்னா போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம், அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், அவர் தடியை ஊன்றிக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்வந்தார். சாயங்காலம் அவள் வந்தபோது ஈரவேட்டியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோறு வேண்டாமென்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, "விடு ஆயி. இந்த வருசமும் நானே வெளக்கு எடுத்துக்கறேன்" என்றார். ஊருக்குப் பயந்துவிட்டார் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலெல்லாம் நடுங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்று கேட்டாள். எனக்குப் பழகிப்போச்சு என்று மட்டும் சொன்னார்.

ஆறு ஏறினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, இறங்கினால்தான் கேட்பார்கள். டீச்சர் மத்தியானத்தில் போய் உண்மை பேசுகிறாள் என்று கீழத்தெருவில் கண்டுபிடித்துவிட்டார்கள். விளக்கெடுக்க வேண்டிய அன்று அவள் நல்லான் சேதியைத்தான் எடுப்பாள் என்று ஊகிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் காலையில் கோயில் வாசலில் ஊர் கூடியது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கலியமூர்த்தி எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சன்னாசி குள்ளம் என்பதற்கே ஒரு சாண் போச்சு, இது தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிற சேதி, இதைச் சொன்னால் ஆறு அடியோடு வற்றிவிடும், பயிர் இன்றோ நாளையோ கதிர் தள்ளப்போகிற தொண்டைக் கதிரில் நிற்கிறது என்றார். விளக்கணைப்பை இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம், இனி யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அதற்குத் தான் பொறுப்பு என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லான் மேல தப்பு இல்லேன்னு இப்ப ஊருக்கே தெரியும் டீச்சர். ஆத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தையல்நாயகிக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ இறங்கவில்லை.

"நீங்களா விட்டா அதுக்குப் பேரு மன்னிப்பு. தப்புப் பண்ணினவனுக்குத்தானே மன்னிப்பு? எங்களுக்கு வேண்டாம். இல்லேன்னு தெரியணும், அவ்வளவுதான்."

அப்போது உப்பிலி ஒரு யோசனை சொன்னார். பொய்க் கலையில் கரைகண்டவர், சும்மா இருப்பாரா? டீச்சர் உண்மையைச் சொல்லித் தண்ணியை இறக்குவானேன்? நாங்களே போய், நல்லான் காட்டிக்கொடுத்தான் என்று சொல்கிறோம். அது பொய்யானால் தண்ணீர் ஏறும், அதைப் பார்த்து அவன் நிரபராதி என்று தெரிந்துவிடும், வயலும் பிழைக்கும், பாம்பும் சாகும் கம்பும் முறியாது என்றார். கூட்டம் ஆகா என்று தலையாட்டியது. தலைவர் டீச்சரைப் பார்த்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த பக்கிரிசாமிதான் தடியைத் தரையில் தட்டினார். இத்தனை வருஷத்தில் ஊர்க்கூட்டத்தில் அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அந்த வார்த்தைய ஊர் வாயால இன்னொரு தரம் கேக்க எனக்குத் தெம்பு இல்லைங்க. வேணும்னா எம்மக சொல்றபடி சொல்லட்டும். நீங்க அதைச் சொல்லாதீங்க."

ஊர் தலையைக் குனிந்துகொண்டது. அவர் மேல் தண்ணீர் வீசாத கை அங்கே ஒன்றும் இல்லை. உப்பிலிகூட, விடுங்க மாமா, தெரியாம சொல்லிட்டேன் என்றார். பயிர் போனால் போகட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லைதான், ஆனால் அதற்குமேல் டீச்சரைத் தடுக்கவும் யாருக்கும் வாய் வரவில்லை.

ஆடிப் பதினெட்டு விடிந்தது. படித்துறையில் தண்ணீர் நடுப்படி வரைக்கும் நின்றது. பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சள் சரடும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்திலும் களையில்லை, எழவு வீட்டுக்கு வந்தது மாதிரி நின்றார்கள். சில பேர் வயலுக்குப் போய்ப் பயிரைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள். தையல்நாயகி விளக்கில்லாமல் வெறுங்கையோடு இறங்கி, தண்ணீரில் கால் வைத்து, ஆற்றுக்கு முதுகு காட்டாமல் நேராக அதைப் பார்த்து நின்றாள். தன்னால் ஊர் பட்டினி கிடக்கப்போகிறது என்கிற பயமும், இன்றோடு விடியப்போகிறது என்கிற சந்தோஷமும் அவளுக்குள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. பிறகு பள்ளிக்கூடக் குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்லான் சன்னாசியைக் காட்டிக்கொடுக்கவில்லை."

தண்ணீர் ஏறியது.

விரற்கடை இல்லை, சாண் இல்லை. அவள் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து இடுப்புக்கும் ஒரே மூச்சில் ஏறி, படிகளை மூழ்கடித்து, வாய்க்கால் தலைப்பில் முட்டி, மதகைத் தாண்டி, உப்பிலியின் பாய்ப் பொய்க்குக்கூட வராத வேகத்தில் வயல்பக்கம் ஓடியது. தாம்பாளங்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பெண்கள் மேலே ஏறினார்கள். தையல்நாயகிக்கு முதலில் புரியவில்லை, இறங்க வேண்டியது தெரியாத்தனமாக ஏறிவிட்டது என்பதுபோல இடுப்புத் தண்ணீரில் நின்று காத்திருந்தாள். ஏழடி பொய், நீச்சல் பொய், நெல்படகு பொய், முதலை பொய். அந்தக் கதையில் தூக்குக்கயிற்றை விட்டால் நிஜமாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அவள் இப்போது ஊர்கூட்டி நிரூபித்துவிட்டாள்.

யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அதோடு கரையில் ஆரவாரம் காதைப் பிளந்தது. கலியமூர்த்தி துண்டை உதறித் தலைப்பாகை கட்டிக்கொண்டு, இன்றிலிருந்து விளக்கணைப்பு கிடையாது, நல்லான் உத்தமன், அந்த வீட்டைத் தப்பான பேர் சொல்லி எவனாவது கூப்பிட்டால் அவன் வீட்டு வாய்க்காலை அடைத்துவிடுவேன் என்று ஊரறிய அறிவித்தார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்கவில்லை. வயலில் தண்ணீர் பாய்கிறபோது சம்சாரிக்கு வருகிற கண்ணீரில் பொய் ஏது? அதற்குள் உப்பிலி கூட்டத்தை வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டார். ஒரு வாய்க்கு ஒரு தடவை, தள்ளாதீங்க, எல்லாருக்கும் இருக்கு என்று சத்தம் போட்டார். சம்பா முடிகிற வரைக்கும் கவலையில்லை என்று பின்னால் யாரோ கணக்குப் போட்டுச் சிரித்தார்கள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். தலைவர் முதலில், "நல்லான் காட்டிக்கொடுக்கவில்லை." தண்ணீர் ஏறியது. உப்பிலி அதை அழகாக, ராகம் போட்டுச் சொன்னார். ஏறியது. முதல் கைத் தண்ணீரை எப்போதும் குறிபார்த்து முகத்தில் வீசுகிற கீழத்தெருக்காரர் சொன்னார். ஏறியது. மரகதம் அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்து, தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க தங்கம், உங்க வம்சம் அப்பழுக்கு இல்லாத வம்சம்டீ. நல்லான் காட்டிக்கொடுக்கவே இல்லை" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஏறியது. காலமெல்லாம் கேட்கமாட்டோமா என்று அந்த வீடு ஏங்கிக்கிடந்த வார்த்தையை ஊர் முழுக்க வரிசையில் வந்து மனசாரச் சொல்லிற்று. ஒவ்வொரு தரமும் ஆறு அதை இல்லை என்றது. தையல்நாயகி அத்தனையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

வரிசை ஓய்ந்தபோது, வீட்டுக்குப் பெரியவர் சொல்ல வேண்டாமா என்று தலைவரே நினைவுபடுத்தினார். நாற்காலி கொண்டுவரச் சொன்னார், வேண்டாமென்று பக்கிரிசாமி தடியூன்றி இறங்கி வந்தார். ஒதுங்கி வழிவிட்டார்கள், மாலைகூட யாரோ போட்டுவிட்டார்கள். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். கூட்டத்தில் பேசியதைவிட நிதானமாக, நல்லான் காட்டிக்கொடுக்கவில்லை என்றார்.

தண்ணீர் அசையவில்லை.

சொன்ன வாயே திரும்பச் சொன்னால் அசையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தையல்நாயகி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த மத்தியானம் குளிக்கப் போனவர் எதற்குப் போனார், எதற்காகச் சுவரைப் பார்த்துப் படுத்தார், விடு ஆயி என்று எதைச் சொன்னார், நேற்று எதற்குத் தடியைத் தட்டினார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. பயந்தாங்கொள்ளி என்று தான் நினைத்ததும் கூடவே வந்து நெஞ்சை அறுத்தது. கரையில் நின்றவர்களில் உப்பிலிக்குத்தான் முதலில் விளங்கியிருக்க வேண்டும், பொய்யின் நெளிவுசுளிவு தெரிந்தவர். பெரியவருக்குக் குரலே எழும்பலை, ஆறு என்ன பண்ணும் பாவம் என்று பலமாகச் சொல்லிவிட்டு, கும்மியை ஆரம்பிங்கம்மா என்று பெண்களை விரட்டினார்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். ஊர் இரண்டு பக்கமும் விலகி, மாமா பாத்து, டீச்சரம்மா பாத்து என்று வழிவிட்டது. அவளால் நிமிர முடியவில்லை, ஈரச்சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மண்ணைப் பார்த்தே நடந்தாள். பக்கிரிசாமி நடையை நிறுத்தினார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தலையைக் குனியாத ஆயி. வயல் காஞ்சுடும்."